கோவைக்கு உள்ள தூரம்தான் பலாலிக்கும்

திருச்சியை அடுத்த ஜீயபுரத்தில் கரூர் சாலை ஓரமாக நின்றால் கோவைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். படிப்பு, வேலை, வைத்தியம், பெண் கொடுப்பது, எடுப்பது என்று கோவை நமக்கு அண்டை ஊராகிவிட்டது. திருச்சி விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையத்துக்கு வான்வழியில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். இனி தென்கிழக்கே திரும்பி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு அளந்து பாருங்கள். அதுவும் ஏறத்தாழ 185 தான்! சென்னை இதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

வரைபடத்தில் கோடு போட்டால் பட்டுக்கோட்டைப் பக்கமாகப் போய், அதிராம்பட்டினம் அருகே கடலில் இறங்கும். பாதி வழி நம் நிலம், மீதிப் பாதி பாக் நீரிணை. அவ்வளவுதான் இடைவெளி.

இந்தத் திருச்சி–யாழ்ப்பாணத் தடத்தில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது. புதுத் தடம் என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனக் காலத்தில், 1940-களின் கடைசியிலேயே, கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத் திருச்சிக்கு டகோட்டா விமானம் வந்திருக்கிறது. இடையில் அறுந்த தொடர்பு அது. அறுந்திருந்த காலத்தில் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக, சென்னைக்கோ கொழும்புக்கோ சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. கொழும்பில் இறங்கினால் மறுபடி வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலைப் பயணம்.

இந்தத் தடத்தில் பறப்பது ஏ.டி.ஆர். என்ற சிறு விமானம். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 185 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம் போதும். ஆனால் பயணச்சீட்டில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். ஏன்? விமானம் நிற்கும் இடத்தைவிட்டு அசைவதிலிருந்து, மறுமுனையில் போய் நிற்பது வரைதான் அந்த நேரம். ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இவ்வளவு குறுகிய தூரத்தில், ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்திருப்பார்கள். ஒரு வசதி, இலங்கையின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்று. சிங்கப்பூர்ச் சீட்டில் கழிப்பதுபோல இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

உண்மையான நேரம் தரையில்தான் போகிறது. ஜீயபுரத்திலிருந்து குடமுருட்டிப் பாலம் தாண்டி, ஊர் நெரிசலைக் கடந்து விமான நிலையம் உள்ள புதுக்கோட்டைச் சாலைக்கு வர முக்கால் மணியாவது ஆகும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் இரு முனையிலும் உண்டு. பலாலியில் இறங்கிய பிறகு யாழ்ப்பாண நகரத்துக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சாலை.

அப்படியும் காலையில் புறப்பட்டவர் பொழுது சாயுமுன் சேர்ந்துவிடலாம். நம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள முதியவர்களுக்கு அக்கரையில் அண்ணன் தம்பிகள் உண்டு. ஒரு சாவுச் செய்தி வந்தால் அக்கரை உறவு இங்கே வந்துசேரவே இரண்டு நாளாகும் என்ற நிலை இருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு வர நினைக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கும் கொழும்புச் சுற்று பெரிய பாடு. இந்தத் தடம் லாபம் இல்லை என்று நிறுத்தப்படாமல் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்கு இருக்கைகள் நிரம்ப வேண்டும். அடுத்த முறை கோவைக்கு ஒரு பயணம் திட்டமிடும்போது, அதே தூரத்திலுள்ள யாழ்ப்பாணத்து நல்லூருக்கும் ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள்.