இரண்டு டிஷ் கம்பனிகள் ஒன்று சேர்ந்தால் நம் வீட்டுப் பெட்டி என்னவாகும்?

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது லயத்துக் கூரை மேலே இருக்கிற டிஷ்ஷைப் பற்றி. இது என்ன பெரிய விஷயம் என்று சிரிக்க வேண்டாம். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து, சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய சாமான் அது. "ரெண்டு கம்பனியும் ஒண்ணாகப் போகுதாம், இனி இந்தப் பெட்டி வேலை செய்யாதாம், புதுசு வாங்கணுமாம்" என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் நம் வயிறு கலங்கத்தானே செய்யும்?

முதலில் ஒன்றை விளங்கிக் கொள்வோம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் இருக்கின்றன. நம் டிஷ் அதில் ஒன்றைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கம்பனி தன் படத்தைப் பூட்டுப் போட்டு அனுப்புகிறது. உள்ளே இருக்கிற பெட்டியும் காட்டும் அந்தப் பூட்டுக்குச் சாவி. ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டுக்குச் சேராதல்லவா? ஆகவே கம்பனிகள் சேரும்போது நாம் கேட்க வேண்டியது, "எந்தச் செய்மதி, எந்தப் பூட்டு மிஞ்சப் போகிறது?" என்பதைத்தான்.

பிரித்தானியாவில் நடந்ததைச் சொல்கிறோம். ஸ்கை என்ற கம்பனி 1989 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. பிஎஸ்பி என்ற போட்டிக் கம்பனி 1990 ஏப்ரலில் வீடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. பிஎஸ்பியின் அன்டெனா சதுரமானது. செய்மதியும் வேறு, ஒளிபரப்பு முறையும் வேறு. இரண்டுக்கும் பெரும் நட்டம். அந்த நவம்பரிலேயே இரண்டும் ஒன்று சேர்ந்தன. மிஞ்சியது ஸ்கையின் செய்மதி. 1992 முடிவோடு பிஎஸ்பியின் செய்மதி வழி ஒளிபரப்பு நின்றது. அதே நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பார்க்க வேறு டிஷ், வேறு பெட்டி தேவைப்பட்டது.

எப்போதும் இப்படித்தான் என்று பயப்படவும் வேண்டாம். இந்தியாவில் டிஷ் டிவியும் வீடியோகோன் டி2எச்சும் சேரப் போவதாக 2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் சேர்ந்தார்கள். ஆனால் இரண்டு பெயரையும் இரண்டு சேவையையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்கள். சேர்ந்த மறுநாளே யாரும் பெட்டி மாற்ற வேண்டி வரவில்லை. 2025 பெப்ரவரியில் எயார்டெல்லும் டாடாவும் தங்கள் டிஷ் சேவைகளைச் சேர்ப்பது பற்றிப் பேசுவதாகச் செய்தி வந்தது. மே மாதத்தில் அந்தப் பேச்சே முறிந்து போனது. பேச்சைக் கேட்ட உடனே புதுப் பெட்டி வாங்க ஓடியவருக்கு என்ன மிச்சம்?

அமெரிக்காவில் 1999 இல் பிரைம்ஸ்டார் கம்பனியை டிரெக்டிவி வாங்கியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பெரிய டிஷ்ஷிலிருந்து சின்ன டிஷ்ஷுக்கு மாற வேண்டியதாயிற்று. ஆனால் பிரைம்ஸ்டாரின் டிஷ்ஷும் பெட்டியும் பெரும்பாலும் கம்பனிக்கே சொந்தம். சனங்கள் வாடகைதான் கட்டினார்கள். அதனால் பழைய சாமானின் நட்டம் அவர்கள் தலையில் விழவில்லை. சாமான் யாருக்குச் சொந்தம் என்பது இதனால்தான் முக்கியம்.

நம் நாட்டிலும் 2006 கடைசியில் சீபிஎன் செட் கம்பனியை டயலொக் வாங்கியது; பிறகு டயலொக் டிவி என்று பெயர் மாறியது. ஆகவே இது தூரத்து ஊர்க் கதை மட்டுமல்ல.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று: பெட்டி வாங்கும்போது, "இது எனக்குச் சொந்தமா, கம்பனிக்கா?" என்று கேட்டு வையுங்கள். பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். அதையும் உத்தரவாத அட்டையையும் அடையாள அட்டை வைக்கிற இடத்திலேயே பத்திரமாக வையுங்கள்.

இரண்டு: சேரப் போகிறார்கள் என்ற கதை வரும் காலத்தில் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். மாதாமாதம் கட்டுங்கள்.

மூன்று: வீட்டு வாசலில் வந்து "பெட்டி மாத்தணும், காசு குடு" என்று கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கம்பனியின் இலக்கத்துக்குப் பேசி உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகளைக் கொண்டாவது பேசச் சொல்லுங்கள்.

நான்கு: உறவுக்காரர் மூலம் இந்தியாவிலிருந்து பெட்டி கொண்டுவந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அது இந்தியாவுக்குள் பாவிக்கக் கொடுக்கப்படுவது. அங்குள்ள ஒரு விலாசத்தில் பதிவாகியிருக்கும். நாளைக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தாலும் அந்த விலாசத்துக்குத்தான் போகும். நம் லயத்துக்கு ஆள் வரமாட்டார்.

இங்கே வாங்கிய சாமானில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் நம் வாய்க்குப் பலம்.

கம்பனிகள் சேரும், பிரியும். அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் விசாரிக்காமல் கைக்காசைக் கொடுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பற்றுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று ஒருதரம் தேடிப் பாருங்கள்.