வாமன உருவில் ஒரு வீரர்



மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே பால்வெட்டும் கத்தியோடு புறப்படுவோரையும், பதுளை மலைச்சரிவுகளில் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறி இறங்குவோரையும் ஊவாவில் அறியாதார் இல்லை. அவர்தம் உடல் வலிமைக்குத் தனியே சான்று வேண்டுவதில்லை. ஆயினும், அவ்வலிமை நாட்கூலிக்காகச் செலவாகின்றதேயன்றி, உடையவர்க்கென்று சேர்த்து வைக்கப்படுதல் அரிது. உழைக்கும் உடலைத் தன் சொந்தச் செல்வமாகப் போற்றி வளர்த்தால் ஒருவன் எத்துணை உயரலாம், அவ்வாறு உயர அவனுக்கு வேண்டுவன யாவை என்னும் இரண்டினையும், வங்காளத்து ஏழை ஒருவரின் வரலாறு நன்கு விளக்கும். அவர் பெயர் மனோகர் ஐச்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள குமில்லா மாவட்டத்தின் தாம்தி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. நோய் நீங்கிய பின் மெலிந்து கிடந்த சிறுவன், உடற்பயிற்சியினாலேயே உடலை மீட்டான். முழு வளர்ச்சி எய்திய பின்னும் அவர் உயரம் நாலடி பதினோரங்குலந்தான். ஆனால், திரண்ட மார்பும் தோளும் கண்டோரை வியக்க வைத்தன. புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் பி. சி. சர்க்காருடன் மேடையேறி, இரும்பை வளைத்தல், தடித்த புத்தகத்தைக் கையாற் கிழித்தல் முதலிய வலிமைச் செயல்களைச் செய்து காட்டினார்.

1942ஆம் ஆண்டில் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்தார். ஆங்கு ரியூப் மார்ட்டின் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவருக்குப் பாரந்தூக்கும் பயிற்சியைக் கற்றுக் கொடுத்தார். ஓர் ஆங்கிலேயரிடம் கல்வி பெற்ற அவரே, மற்றோர் ஆங்கிலேயரிடம் அவமதிப்பையும் கண்டார். அடிமை நாட்டவரை இழித்துப் பேசிய அதிகாரி ஒருவரின் கன்னத்தில் ஐச் அறைந்தார். அதன் பயன் சிறைவாசம்.

சிறைக்கூடத்தில் பயிற்சிக் கருவி ஏது? கருவி எதுவுமின்றியே அவர் பயின்றார். சில நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் வரையும் பயிற்சி நீண்டது. அந்த ஊக்கத்தைக் கண்ட சிறை அதிகாரிகள் அவருக்கெனத் தனி உணவு கொடுக்க ஏற்பாடு செய்தனர். இச்செய்தி கருத்தில் இருத்தத்தக்கது. மன உறுதி அவருடையது. ஆனால், அவ்வுறுதியைத் தசையாக மாற்றியது உணவு.

இந்தியா விடுதலை பெற்ற பின் அவரும் விடுதலை பெற்றார். வறுமை மட்டும் விடவில்லை. குடும்பத்தைக் காக்கக் கல்கத்தாவின் சியால்டா புகையிரத நிலையத்தில் இளநீர் விற்றார். 1951ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த உலக ஆணழகர் போட்டியில், அவர் நாட்டவரான மனோதோஷ் ராய் தமது பிரிவில் வெற்றி பெற, ஐச் இரண்டாம் இடமே பெற்றார். தோல்வியோடு ஊர் திரும்ப மனம் இசையாது, அந்நகரிலேயே தங்கி, புகையிரதப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே பயின்றார். மறு ஆண்டு, தம் நாற்பதாம் வயதில், உயரத்தின்படி வகுத்த பிரிவில் உலக ஆணழகர் பட்டம் அவருக்குக் கிட்டியது. குட்டி ஹெர்குலிஸ் என்று உலகம் அவரை அழைத்தது.

மதுவும் புகையும் அவர் அறியாதவை. சோறு, பருப்பு, மீன், பால், காய், கனி இவையே அவர் உணவு. இரவில் நீரூற்றி வைத்த பழஞ்சோற்றை அவர் விரும்பி உண்டார். நம் லயன் வீடுகளிலும் அது புதிதன்று. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், 104ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அதே 2016ஆம் ஆண்டில் இலங்கையில் எடுக்கப்பட்ட குடிசன சுகாதார அளவீடு ஒரு கசப்பான உண்மையைக் கூறிற்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடளாவிய கணக்கில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். ஐச் குள்ளராயிருந்தும் உலகை வென்றாரே என்று கூறி இக்கணக்கைப் புறந்தள்ளுதல் தகாது. குறைந்த உயரம் ஒருவருக்கு இழிவன்று என்பதை அவர் வாழ்க்கை மெய்ப்பித்தது. வளரவேண்டிய பிள்ளை உணவின்றி வளராது நிற்பதோ வேறு செய்தி. அது அப்பிள்ளையின் குற்றமும் அன்று.

தோட்டத்து இளைஞன் ஒருவன் மாலையில் மைதானத்தின் ஓரத்தில் தண்டால் எடுக்கத் தொடங்கினால், அவனுக்குப் பொன்னும் பொருளும் வேண்டா. ஆனால், வேலை முடிந்து வரும் அவன் வயிற்றுக்கு ஒரு முட்டையோ, ஒரு குவளைப் பாலோ, கைப்பிடி பயறோ வேண்டும். கைதி ஒருவனின் முயற்சியைக் கண்டு சிறைச்சாலையே உணவளித்தது. நம் கண்முன் வளரும் பிள்ளைகளுக்கு வீடும், தோட்டமும், நாடும் அதனினும் குறைவாகவா அளிப்பது?