சலப்பை நோவும் ஊசி மருந்தும்

"சிறுநீரிற் கிருமி இல்லை, ஆகவே நோயும் இல்லை" என்ற தீர்ப்பைக் கேட்டு, நோவுடனே வீடு திரும்பிய பெண்கள் பலர், ஆண்களும் உளர். சலப்பை நிறையுந்தோறும் அடிவயிற்றில் நோவு, கழித்ததும் சற்றே தணிவு, மீண்டும் நோவு. இரவில் உறக்கம் ஏது? போல்ற்றிமோர் நகரத்து வைத்தியர் கை ஹனர், 1915ஆம் ஆண்டில், இத்தகைய பெண்கள் சிலரின் சலப்பைச் சுவரிற் கண்ட அரிய புண்ணைப்பற்றி எழுதினார். அப்புண் எல்லோரிடத்தும் இல்லை. இல்லாதாரின் நோவும் மெய்யே.

புண்ணுள்ளவர்க்கு, மயக்கமருந்து கொடுத்து, நோக்குகுழாய் வழியாகத் திரையம்சினலோன் என்னும் மருந்தைப் புண்ணிலேயே ஊசியால் ஏற்றுவர். தணிவு பெரும்பாலும் சில மாதங்களுக்கே. பின்னர் மீண்டும் ஏற்ற நேரும்.

மற்றொன்று பொற்றுலினம். கெட்ட உணவிலே ஒரு கிருமி விளைத்துத் தசைகளை முடக்கிக் கொல்லும் நஞ்சு, அணுவளவாய்க் குறைந்து மருந்தாயிற்று, விந்தைதான். 1989இல் மாறுகண்ணுக்கென அமெரிக்க அரசு அதனை அனுமதித்தது. சலப்பைச் சுவரில் ஏற்றின் நோவுணர்த்தும் நரம்புகள் அடங்கும். தசையும் உடன் தளரும். அதனாற் சிலர் சில காலம் தாமே மெல்லிய குழாயிட்டுச் சிறுநீரை அகற்றவேண்டியவராவர். பிற சிகிச்சைகள் பயன்படாதவிடத்து, அதற்கும் இசைந்தவர்க்கே இவ்வூசி என்பது அமெரிக்கச் சிறுநீரியற் சங்கத்தின் வழிகாட்டல். ஆதலாற் குழாயிடும் முறையை ஊசிக்கு முன்னரே தாதியர் கற்பிப்பதுண்டு.