அடைப்பு இல்லை என்றார்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் 1985 உயர்தர வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெண்களின் இதயம் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் எங்களைக் கேட்டார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு வைத்தியர்களும் ஒரு தாதியும் இருக்கிறோம். மூவரும் சேர்ந்து எழுதியதே இந்த உரை. எண்ணெயைக் குறையுங்கள், நடவுங்கள் என்று நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். ஆகவே எங்கள் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயரைச் சொல்லாவிட்டால் சரி என்று அவள் சம்மதம் தந்திருக்கிறாள். அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அப்போது அவளுக்கு 51 வயது. பள்ளி வலைப்பந்தாட்டக் குழுவில் ஓடி விளையாடியவள். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. மாமியாரின் அந்தியேட்டிக்கு வீடு நிறைய ஆட்கள். விடியப்புறம் நாலு மணிக்கு நெஞ்சில் ஒரு பாரம், தோள்பட்டைகளுக்கு நடுவே உளைவு, தாடையில் நோ, வயிற்றைப் பிரட்டல், குளிர் வியர்வை. காஸ்ரிக் என்று நினைத்து இஞ்சி போட்டுப் பிளேன்டீ குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டுமே! மத்தியானம் போன இடத்திலும் காஸ்ரிக் மருந்துதான் கொடுத்து அனுப்பினார்கள். இரவு மறுபடி போனபோதுதான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் மாற்றம் தெரிந்தது. இதயத் தசை காயப்படும்போது குருதியில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் ஏறியிருந்தது. மாரடைப்பேதான்.

அஞ்சியோகிராம் செய்தார்கள். குழாய்கள் சுத்தம். "அடைப்பு ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். வீட்டார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். எங்களில் ஒருத்தி வைத்தியராக இருந்தும், "பிறகு ஏன் வந்தது?" என்று கேட்கவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அடைப்பு இல்லையென்றால் மருந்து எதற்கு என்று அவள் குளிசைகளை நிறுத்தினாள். பிறகு நோ வந்தபோதெல்லாம் யோசனையால் வருகிறது, மனப்பிரமை என்று ஆளுக்கொன்று சொன்னோம். எட்டு மாதம் கழித்து, அதே விடியப்புறம், அதே நோ. இரண்டாவது மாரடைப்பு.

அஞ்சியோகிராம் எதைக் காட்டுகிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் முடியுரு நாடிகளில் பெரியவற்றின் உட்பக்கத்தை, சாயம் செலுத்திப் படமெடுப்பது அது. பாதிக்கு மேல் ஒடுங்கிய இடம் எதுவும் இல்லையென்றால் 'பெரிய அடைப்பு இல்லை' என்று எழுதுவார்கள். ஆனால் தசைக்குள் போகும் மயிர் போன்ற நுண்குழாய்கள் அந்தப் படத்தில் விழுவதில்லை. படமெடுக்கும் நேரத்துக்குள் கரைந்துபோன குருதிக்கட்டியும் தெரியாது. திடீரென்று இறுகிப் பின் தளர்ந்த நாடியும் தெரியாது. நாடியின் சுவர் தானாகக் கிழிந்து உள்ளே குருதி தேங்குவதும் உண்டு. அது பெரும்பாலும் பெண்களுக்கே, பிள்ளை பெற்ற சில வாரங்களில்கூட, வருவது. பழக்கப்படாத கண்ணுக்கு அது தப்பிவிடலாம்.

மாரடைப்பைப் போலவே தோன்றும் வேறு இரண்டும் உண்டு. ஒன்று இதயத் தசை அழற்சி. மற்றது பெருந்துக்கம் அல்லது அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் கீழ்ப்பக்கம் பானைபோல் உப்பிப்போவது. ஜப்பானியர் 1990இல் அதை விவரித்து, கணவாய்வகை பிடிக்கும் பானையின் பெயரால் 'டக்கோட்சுபோ' என்றார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம். அநேகருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இது அபூர்வமா என்றால், இல்லை. 2015இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 6 பேரளவில் இப்படிப் பெரிய அடைப்பு இல்லாதவர்கள். அடைப்புள்ளவர்களைவிட இவர்களில் பெண்களின் பங்கு கூடுதல், வயதும் குறைவு. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 5. 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பக்கூடிய கணக்கல்ல இது.

எங்கள் தோழிக்கு இரண்டாவது முறை பார்த்த வைத்தியர் பழைய கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். எப்போதும் விடியப்புறமா, ஓய்விலா வருகிறது, நாக்கின் கீழ் குளிசை வைத்தால் விடுகிறதா என்று விசாரித்தார். நோ வந்த நேரத்து ஈ.சி.ஜி. மாறியிருந்தது, நோ விட்டதும் பழையபடி வந்திருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் தசையில் தழும்பு தெரிந்தது. நாடி இறுகுவதுதான் காரணம் என்று முடிவுசெய்து, அதைத் தளர்த்தி வைக்கும் கல்சியம் தடுப்பு மருந்து கொடுத்தார். இதற்கும் நாடி கிழிவதற்கும் மருந்து ஒன்றல்ல. கிழிந்த நாடி பெரும்பாலும் ஸ்ரென்ற் வைக்காமலே ஆறிவிடும். காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து குருட்டு மருந்துதான்.

ஆகவே உங்களுக்கோ உங்கள் அக்காவுக்கோ இப்படி நடந்தால், வைத்தியசாலையை விட்டு வெளிக்கிட முன், "அடைப்பு இல்லையென்றால் என் மாரடைப்புக்குக் காரணம் என்ன? எக்கோ, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் அதிகம் தெரியும். எல்லா இடத்திலும் அந்த வசதி கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். என்றாலும் கேள்வி கொப்பியில் எழுதப்பட்டால் அடுத்து வரும் வைத்தியர் அதைத் தொடர்வார். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு நெஞ்சு நோ வராது என்று இப்போது ஒரு பேச்சு உலாவுகிறது. அது தவறு. பெண்களிலும் நெஞ்சு நோவே முதன்மை. அதோடு தாடை, முதுகு, ஓங்காளம், மூச்சிளைப்பு என்று வேறும் சேர்ந்து வருவதால் கவனம் சிதறிவிடுகிறது. இங்கே இருப்பவர்கள் 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். விருந்தாளிகளின் சாப்பாட்டை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

தோழி இப்போது காலையில் நடக்கிறாள், பேரப்பிள்ளையைத் தூக்குகிறாள். நோ இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. கைப்பையில் குளிசை இருந்தது. தேநீர் வேளையில் இதுபற்றித் தனியாகப் பேச விரும்புபவர்கள் எங்களிடம் வாருங்கள். அவளிடம் கூட்டிப்போகிறோம், அதற்கும் அவள் சம்மதம் தந்திருக்கிறாள்.