முதலை முத்திரை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



முத்திரை சேர்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "என்னட்டை இருக்கிறது முதலையும் ஆமையுந்தான்" என்றேன். "அதைப் பற்றியே கதையுங்கோ" என்றார்கள்.

ஏழாம் வகுப்பில் எங்கள் புவியியல் ரீச்சர் எனக்கொரு முத்திரை தந்தார். பிரித்தானிய வட போர்னியோ, 1894, 12 சதம். நடுவில் ஒரு முதலை. அக்காலத்தில் பெரும்பாலான குடியேற்ற நாட்டு முத்திரைகளில் மகாராணியின் தலைதான் இருக்கும். இங்கே முதலை! எங்கள் களப்புகளிலும் வாழும் உவர்நீர் முதலைதான் அது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பிறகு கேமன் தீவுகளின் 1935ஆம் ஆண்டு அழுங்காமையும், சீசெல்சின் 1938ஆம் ஆண்டு இராட்சத ஆமையும் வந்து சேர்ந்தன. எங்கள் இலங்கையின் 1938ஆம் ஆண்டு வரிசையில் தேயிலை, இறப்பர், காட்டு யானை எல்லாம் உண்டு. ஊர்வன ஒன்றுகூட இல்லை.

1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, சான்றிதழ்களுடன் அந்த அல்பத்தையும் கொண்டுபோனேன். சில வருடங்களின் பின் மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. முதலையை விற்கலாமென்று கொழும்பில் ஒரு வியாபாரியிடம் போனேன். நூறு வயதான முத்திரை, நல்ல விலை போகும் என்று நம்பியிருந்தேன். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முத்திரைக்கு மேலே நீள்வட்டமாகக் கறுப்புக் கோடுகள் இருந்தன. ஊரின் பெயருமில்லை, திகதியுமில்லை.

அன்றுதான் விளங்கியது. வட போர்னியோவை ஆண்டது 1881இல் சாசனம் பெற்ற ஒரு கம்பனி. தபாலுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாக அச்சிட்டு, மிஞ்சியவற்றில் கோடு குத்திச் சேகரிப்போருக்கு மலிவாக விற்றது. விலைப்பட்டியலில் அவற்றுக்குத் தனி நிரலே உண்டு. சண்டக்கான் என்ற ஊர்ப் பெயரும் திகதியும் வட்டமாக விழுந்திருந்தால்தான், அது கடிதத்தில் போன முத்திரை என்று நம்ப இடமுண்டு. என்னுடைய முதலை ஒரு கடிதத்தையும் சுமந்ததில்லை.

வெறுங்கையோடு பஸ்சில் திரும்பும்போது ரீச்சர் மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அல்பத்தைத் திறந்தேன். முதலைக்குக் கீழே, பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில், போர்னியோவின் வரைபடம் கீறி வைத்திருந்தேன். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று தேட வைத்தது அந்தச் சதக் காசு முத்திரைதான். பிற்காலத்தில் நானும் புவியியல் கற்பிக்கும் ஆசிரியையானேன். மகளின் கட்டணத்தை மாலை வகுப்பு எடுத்துத்தான் கட்டினேன்.

தங்கைமாரே, முத்திரை வாங்கும்போது படத்தைப் பார்க்க முதல் குத்தியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். விலைக்காகச் சேர்க்காதீர்கள்.

இன்று அந்த அல்பத்தை எங்கள் பாடசாலை நூலகத்துக்குத் தருகிறேன். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. அதை அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். போர்னியோ எங்கே என்று ஒரு பிள்ளை தேடினால் எனக்குப் போதும்.