நல்ல டீச்சர்னா நல்ல ஹெச்.எம். ஆகிடுவாங்களா?

(இந்த எபிசோடில் பேசுபவர் ஓர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர். வாசிப்புக்காகப் பேச்சு சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

திருப்பூர் பக்கத்துல ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில நான் கணக்கு டீச்சர். 21 வருஷ சர்வீஸ். தலைமை ஆசிரியர் பதவி உயர்வு பேனல்ல இப்ப என் பேரும் இருக்கு. கலந்தாய்வுக்குக் கூப்பிட்டா போகணும். ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்துட்டா அதோட நான் ஹெச்.எம். வேண்டாம்னா எழுதிக் கொடுத்துட்டு இதே வகுப்பறையில இருந்துக்கலாம். ரொம்ப நாளா இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

அரசுப் பள்ளியில ஹெச்.எம். ஆகுறது முக்கியமா சீனியாரிட்டிப்படிதான். அதோட டி.என்.பி.எஸ்.சி. நடத்துற துறைத் தேர்வுகள் இருக்கு. கணக்குத் தேர்வு, நிர்வாகத் தேர்வு. அரசுப் பணத்துக்கு எப்படிக் கணக்கு வைக்கிறது, விதிகள் என்ன சொல்லுது, இதெல்லாம் கேப்பாங்க. கேக்க வேண்டியதுதான். ஆனா, "உன்கிட்ட ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல யாருக்காவது தைரியம் வருமா?"ங்கிற கேள்வி எந்த வினாத்தாள்லயும் நான் பாத்ததில்ல.

சரி, நாமளே நம்மள மதிப்பிடுவோம்னு ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போட்டேன். பலம் பத்தியில முதல் வரி: "யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வேன்." அடுத்தது, "எந்த வேலையையும் பாதியில விட மாட்டேன்." பலவீனம் பத்தியில, "எமிஸ்ல பதிவு பண்ண நேரமாகுது. அதிகாரிங்க முன்னாடி இங்கிலீஷ் பேசக் கூச்சம்."

எழுதி முடிச்சதும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. இன்டர்வியூல உங்க பலவீனம் என்னன்னு கேட்டா, "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்"னு சொல்வீங்கல்ல? அந்த மாதிரிதான் இதுவும். யாரும் கோவிச்சுக்காத, வெளிய சொல்ல வெக்கமில்லாத பலவீனமாப் பொறுக்கி எழுதியிருக்கேன்.

என்னோட உண்மையான பலவீனம் எனக்குத் தெரிஞ்சது வேற விதத்துல. எங்க ஹெச்.எம். சார் மாறுதல்ல போனதும், நாலு மாசம் நான் பொறுப்பு ஹெச்.எம். காலை வழிபாடு, சத்துணவைச் சாப்பிட்டுப் பாக்குறது, பில் கையெழுத்து, நடுவுல என்னோட கணக்கு கிளாஸ். எல்லாத்தையும் நானே செஞ்சேன். பெருமையா இருந்துச்சு.

காலாண்டு லீவு முடிஞ்சு எட்டாம் வகுப்புல ஒரு பொண்ணு வரல. கிளாஸ் டீச்சர் சர்வீசுக்கு வந்து ரெண்டே வருஷம் ஆனவங்க. என் ரூமுக்கு வந்து ஆரம்பிச்சாங்க. பில் பாத்துக்கிட்டே, "வீட்டுக்குப் போன் போடுங்கம்மா, வந்துடுவா"ன்னேன். அடுத்த வாரம் மறுபடி வந்தாங்க. "அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பிரச்சனைன்னு கண்டிப்பா சொல்லுங்க, அனுப்பிடுவாங்க"ன்னேன். சரிங்க மேடம்னு போயிட்டாங்க.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேர் பெண்களா இருக்கணும். அப்படி உறுப்பினரா வந்த ஓர் அம்மா சொன்னாங்க: "டீச்சர், அந்தப் புள்ள எங்க கம்பெனியில பிசிறு வெட்டிட்டு இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

13 வயசுப் பொண்ணு. அம்மா ஆஸ்பத்திரியில. தம்பிக்கும் சேத்து இவ சம்பாதிக்கிறா. அஞ்சு வாரமா.

கூட்டம் முடிஞ்சதும் கிளாஸ் டீச்சரைக் கூப்பிட்டு, "ஏன் சொல்லல?"ன்னு சத்தம் போட்டேன். அவங்க மெதுவாச் சொன்னாங்க: "ரெண்டு தடவை வந்தேன் மேடம். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க பதில் சொல்லிட்டீங்க."

என் நோட்டுல பலம்னு எழுதின முதல் வரி ஞாபகம் வந்துச்சு. 40 பசங்க விடைக்குக் காத்திருக்கிற வகுப்புல உடனே பதில் சொல்றது உதவுது. ஹெச்.எம். ரூம்ல அதே பழக்கம் எதிர்ல நிக்கிறவங்க வாயை அடைச்சுடுது. 21 வருஷமா எல்லாரும் பாராட்டினதால, அதைச் சந்தேகப்படணும்னே எனக்குத் தோணல.

அன்னைக்குச் சாயங்காலமே நாங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். ஊர்ல இருந்து பாட்டியை வரவழைச்சாங்க. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி பொண்ணு வந்துட்டா. ஆனா அந்த அஞ்சு வாரத்துல நடத்தின இயற்கணிதம் இன்னும் அவளுக்குத் தடுமாற்றம்தான். அது என் கணக்குல எழுத வேண்டியது.

1955-ல ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு படம் போட்டாங்க. ரெண்டு பேரோட முதல் பேரையும் சேத்து 'ஜோஹரி ஜன்னல்'னு சொல்வாங்க. நாலு கட்டம். எனக்கும் மத்தவங்களுக்கும் தெரிஞ்சது ஒண்ணு. எனக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு. யாருக்குமே தெரியாதது ஒண்ணு. மிச்சமிருக்கிறது, மத்தவங்களுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதது. தனியா உக்காந்து நோட்டு எழுதினா அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும். கேட்டுத்தான் நிரப்பணும்.

அதனால மூணு பேர்கிட்ட கேட்டேன்: "என்கிட்ட எதைச் சொல்லத் தயங்குறீங்க?"

சத்துணவு அமைப்பாளர் சொன்னாங்க: "எல்லாத்தையும் நீங்களே செஞ்சுடுறீங்க. எங்களை நம்பலியோன்னு தோணும்." பத்தாம் வகுப்புப் பையன், "கணக்கு சரியா வந்தாத்தான் மிஸ் சிரிப்பீங்க"ன்னான். கிளாஸ் டீச்சர் ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "போர்டுல தப்பாப் போட்டா, 'நான் தப்பு பண்ணிட்டேன்'னு பசங்க முன்னாடியே சொல்லி அழிப்பீங்க மேடம். அதைப் பாத்துதான் நானும் பழகினேன். ஆனா ஹெச்.எம். ரூம்ல நீங்க அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல."

அந்தக் காலிக் கட்டத்துல எனக்குத் தெரியாத ஒரு பலமும் இருந்திருக்கு. அதை வகுப்பறையிலயே விட்டுட்டு அந்த நாற்காலிக்குப் போயிருக்கேன்.

இதைக் கேக்குற உங்கள்ல பல பேர் நல்லா கோடிங் பண்றதால டீம் லீட் ஆகப் போறவங்களா இருப்பீங்க. நல்லா விக்கிறதால மேனேஜர் ஆகப் போறவங்களா இருப்பீங்க. உங்களை மேல கொண்டுவந்த திறமையே அங்க யாரையாவது பேச விடாம பண்ணலாம். அப்ரைசல் ஃபார்ம்ல உங்களுக்கு நீங்களே மார்க் போடுறதுக்கு முன்னாடி, உங்களுக்குக் கீழ வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட என் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அவங்க சொன்னதும் விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சுடாதீங்க. நன்றின்னு மட்டும் சொல்லுங்க.

கலந்தாய்வுக்கு நான் போகப் போறேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி, "சொல்லி முடிச்சுட்டீங்களா?"ன்னு கேக்க இப்பவே பழகிட்டிருக்கேன். பத்துக்கு நாலு தடவைதான் வருது. மீதி ஆறு தடவை, "மேடம், இன்னும் முடிக்கல"ன்னு அந்த கிளாஸ் டீச்சரே சொல்லிடுறாங்க.