கடலடி வாயுவும் உலக உஷ்ணமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சமுத்திரத்தின் அடியிலிருந்து குமிழி குமிழியாய்க் கிளம்பும் மீத்தேன் வாயுவைப் பற்றியதாகும். "கடலடி வாயு கிளம்பி உலகமே வெந்துபோகும்" என்று ஒரு கூட்டமும், "உலகச் சூடு இயற்கையின் வேலை, மனிதன்மேல் குற்றமில்லை" என்று மற்றொரு கூட்டமும் இதே வாயுவைச் சாக்காக வைத்துப் பிரசாரம் செய்கிறபடியால், உண்மை என்னவென்று பார்க்க வேண்டியது அவசியமாகிறது.

மீத்தேன் என்பது சாணக்குழியிலும் சேற்றிலும் உண்டாகும் அதே வாயுதான். 20 வருஷக் கணக்கில், எடைக்கு எடை, கரியமிலவாயுவைப்போல் சுமார் 80 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. கடலடியில் குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடங்களில் இது தண்ணீரோடு கூடிப் பனிக்கட்டிபோல் உறைந்து கிடக்கிறது. சூடு ஏறினாலும் அழுத்தம் குறைந்தாலும் கட்டி கலைந்து வாயு வெளிவரும்.

2008ம் வருஷம், வடதுருவத்துக்கு அருகே நார்வேக்குச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளின் மேற்குக் கடலில், ஆராய்ச்சிக்காரர்கள் 250க்கு மேற்பட்ட குமிழித் தாரைகளைக் கண்டார்கள். அக்கடல் நீரோ 30 வருஷத்தில் 1 டிகிரி சூடேறியிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட எவ்வளவு நேரமாகும்?

ஆனால் சயன்ஸ் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. இது எத்தனை காலமாய் நடக்கிறது என்று கேட்டது. வாயு கசியுமிடத்தில், மண்ணுக்குள் அதைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேலையால் சுண்ணாம்பு ஏடு படிகிறது. அந்த ஏட்டின் வயதைக் கணித்து, கசிவு குறைந்தது 3,000 வருஷமாய் நடந்து வருகிறதென்று 2014ல் வெளியிட்டார்கள். 2018ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சி காரணத்தையும் சொல்லிற்று. பனியுகத்துப் பனிப்பாளம் உருகிப் பாரம் நீங்கவே தரை மேலே எழும்பிற்றாம். அதனால் மேலிருந்த நீரின் அழுத்தம் குறைந்து, சுமார் 8,000 வருஷங்களுக்குமுன் கட்டி கலையத் தொடங்கிற்றாம். அப்போது நிலக்கரி எஞ்சினேது, எண்ணெய்க் கம்பெனியேது?

மேலும், ஆழத்தில் கிளம்பும் குமிழி மேலே வருமுன் பெரும்பாலும் நீரில் கரைந்துவிடுகிறது. அதையும் நுண்ணுயிர்கள் கரியமிலவாயுவாக மாற்றிவிடுகின்றன. (இதனால் கடல் நீரின் பிராணவாயு குறைந்து புளிப்பு ஏறுவது வேறு தொல்லை.) காலிபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்கு அருகிலுள்ளதுபோன்ற ஆழங்குறைந்த கசிவுகளில்தான் வாயு கணிசமாய் ஆகாயத்தை எட்டுகிறது.

ஆகவே கடலடி வாயு ஒன்றுமேயில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கடல் சூடேறிக்கொண்டே போனால், இன்று அசையாதிருக்கும் கட்டியும் நாளை கலையலாம். ஆழமற்ற வடதுருவக் கடல்களை விடாமல் அளந்து வரவேண்டியதுதான். ஆனால் காற்றில் 100 கோடிப் பங்குக்கு 1750ல் சுமார் 720 பங்காயிருந்த மீத்தேன், இன்று 1,900 பங்குக்கு மேலாயிருக்கிறதே, அதைக் கடல் கொண்டுவந்து சேர்த்ததா? கடல் முழுவதிலுமிருந்து வருவது நூற்றுக்குச் சில பங்கே. பாதிக்குமேல் மனிதன் காரியம்: மாடு, நெல்வயல், குப்பைமேடு, நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு.

இவ்வாயு காற்றில் நிற்பது 12 வருஷம்போலத்தான். ஆனதினால் இன்று ஓட்டையை அடைத்தால் பலனை நாமே காணலாம். 2030க்குள் 100க்கு 30 பங்கு குறைப்பதென்று 2021ல் கிளாஸ்கோவில் பல தேசங்கள் கூடி ஒப்புக்கொண்டன. நமது சர்க்கார், மாட்டையும் நெல்லையும் நம்பிப் பிழைக்கும் சிறு குடியானவர்களைக் காரணங்காட்டி அதில் சேரவில்லை. குடியானவன் நிலை நியாயமே. ஆனால் அவன் மாட்டுக்குப் பின்னால் சுரங்கமும், எண்ணெய்க் குழாயும், நகரத்துக் குப்பைமேடும் ஒளிந்துகொள்ளலாமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.